கல்லீரல், செம்பு, ஒரு புரதத்தின் விலாசம்: தில்லித் தமிழர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஆர்.கே. புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் என் வேலையைப் பற்றிப் பேசினேன். பேச்சு நாற்பது நிமிடம், கேள்விகள் ஒன்றரை மணி நேரம். மலை மந்திரில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று பாதிப் பேர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அப்புறம் ஒரு வாரம் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை என்பதால் இந்தப் பக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி: கும்பகோணத்துக்காரி. கல்லீரல் செல்லுக்குள் செம்பு எந்த வழியாகப் போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று ஆராய்வது தொழில். நடுவில் ஐந்து வருடம் வெளிநாடு போனதைத் தவிர்த்தால் 1998 முதல் தில்லிதான்.

டாக்டர் என்று போட்டிருக்கிறதே, என் லிவர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். என் பெயருக்கு முன்னால் இருப்பது பிஎச்.டி. ரத்தத்தில் கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி 90 என்று நீங்கள் அனுப்பினால் என்னால் கவலைப்பட மட்டும்தான் முடியும். வசந்த் குஞ்சில் கல்லீரலுக்கென்றே தில்லி அரசு நடத்தும் ஐஎல்பிஎஸ் இருக்கிறது, எய்ம்ஸில் தனிப் பிரிவே இருக்கிறது. முனிர்க்காவிலிருந்து இரண்டுமே ஆட்டோ தூரம்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்கிறீர்கள்? ஒரே புரதத்தை இருபது வருடத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னீர்களே?

அந்தப் புரதத்தின் பெயர் ஏடிபி7பி. 1,465 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய உருப்படி. சவ்வில் உட்கார்ந்துகொண்டு செம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளும் பம்ப்.

பருப்பு, கொட்டை, தானியம் என்று நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே போகும். அது இல்லாமல் செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தவே முடியாது. ஆனால் மிஞ்சினால் விஷம். மிஞ்சியது வெளியேறப் பெரிய வழி ஒன்றுதான்: கல்லீரல், அங்கிருந்து பித்தநீர், அங்கிருந்து குடல்.

கல்லீரல் செல்லை எங்கள் ஊர் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாசலும் உண்டு, கொல்லையும் உண்டு. ரத்தம் வந்து போவது வாசல் பக்கம். பித்தநீர் ஓடுவது கொல்லைப் பக்கம். ஏடிபி7பிக்கு இரண்டு வேலை, இரண்டும் வேறு வேறு இடத்தில். செம்பு அளவாக இருக்கும்போது அது வீட்டுக்கு நடுவில், அதாவது பிளஸ் டூ புத்தகத்தில் வரும் கோல்கை உடலத்தில், உட்கார்ந்திருக்கும். அங்கே செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்கு ஆளுக்கு ஆறு செம்பு அணு ஏற்றி வாசல் வழியாக ரத்தத்துக்கு அனுப்பும். செம்பு கூடிவிட்டால் அது இடத்தைவிட்டு எழுந்து, சின்னச் சின்னப் பைகளில் ஏறிக் கொல்லைப் பக்கம் போய், மிச்சத்தைக் கொட்டும். செம்பு குறைந்தால் திரும்பி வந்துவிடும்.

இந்தப் போக்குவரத்து கெட்டால் வருவது வில்சன் நோய். கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1912-ல் எழுதி வைத்தது. 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு கைக்குக் கிடைக்க 1993 ஆயிற்று. செம்பு முதலில் கல்லீரலில் சேரும், அப்புறம் மூளைக்கும் போகும். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையமாகக்கூடத் தெரியும்.

என்னை இதில் பிடித்து வைத்திருப்பது இதுதான். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் பிழையில் 1069-ஆவது அமினோ அமிலம் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. அந்தப் புரதத்துக்குப் பம்ப் செய்யும் திறமை முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் மடிப்பு கொஞ்சம் கோணலாக இருப்பதால் செல்லுக்குள் புரதங்களை மடித்துச் சரிபார்க்கும் இடமான எண்டோபிளாச வலை அதைக் கெட்டது என்று முடிவுகட்டி வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஆள் இருக்கிறார், ஓரளவு வேலையும் தெரியும், ஆனால் கொல்லைக்குப் போக வேண்டியவர் கிளம்பவே முடியவில்லை. ரத்தப் பரிசோதனையோ மரபணுச் சோதனையோ இந்தக் கதையைச் சொல்லாது. செல்லைத் திறந்து, அது எந்த விலாசத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். நான் செய்வது அந்தப் பார்க்கும் வேலை.

இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? சின்ன வயதிலிருந்தே விஞ்ஞானி ஆக ஆசையா?

இல்லை. வங்கித் தேர்வு எழுதச் சொன்னார்கள், எழுதினேன், தேறவில்லை. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தேன்.

அங்கே 1997-ல் ஒரு மதியம், நூலகத்தில் வேறு எதற்கோ லான்செட் என்ற மருத்துவ இதழின் பழைய பிரதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1983-ஆம் வருடக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த டானரும் புனே மருத்துவர்களும் எழுதியது. இந்தியக் குழந்தைகளுக்கு வரும் ஒரு கல்லீரல் சுருக்க நோயைப் பற்றி. ஆறு மாதத்திலிருந்து மூன்று நான்கு வயதுக்குள் வரும். வயிறு உப்பும், ஈரல் கல்லாக இறுகும், காமாலை வரும், பெரும்பாலும் குழந்தை தங்காது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைக்கும் வரும். கட்டுரை சொன்ன காரணம்: பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைச் சீக்கிரமே கொடுக்க ஆரம்பித்தது.

என் பாட்டிக்கு அம்மாவுக்கு முன்னால் இரண்டு ஆண் குழந்தைகள். இரண்டு பேரும் இரண்டு வயது தாண்டவில்லை. "ஈரல் கட்டி" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். திருஷ்டி என்பார்கள், வேண்டுதல் பாக்கி என்பார்கள். நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டியலை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்: வயிறு, ஈரல், காமாலை, அடுத்த குழந்தை.

பாலில் அப்படி என்ன? வெறும் தண்ணீரைவிடப் பால் பித்தளையிலிருந்து செம்பை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். பாலில் இருக்கும் கேசீன் புரதம் செம்போடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்குச் செம்பை வெளியேற்றும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. பாலோ, அதற்கு அதுதான் முழுச் சாப்பாடு. எல்லா வீட்டிலும் பித்தளை இருந்தும் எல்லாக் குழந்தைக்கும் ஏன் வரவில்லை என்பதால், பரம்பரையாக ஏதோ ஒரு பலவீனமும் சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறோம். ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் இதே கதை நடந்திருக்கிறது: 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள், பூச்சில்லாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். அங்கே பாத்திரம் மாறியது, நோய் போயிற்று. இங்கே எவர்சில்வர் வந்தது, நோய் போயிற்று. இன்று குழந்தை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் பலர் இதைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

எய்ம்ஸில் இந்த நோயைப் பார்த்தவர்களில் ஒருவர் நோய்க்கூறியல் அறிஞர் ராமலிங்கசுவாமி. அயோடின் உப்புக்காக அவரை எல்லோருக்கும் தெரியும், கல்லீரல் வேலையைச் சொல்வோர் குறைவு. வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் விஞ்ஞானிகளுக்கு உயிரித்தொழில்நுட்பத் துறை தரும் நிதி அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் 2010-ல் திரும்பி வந்ததும் அதில்தான்.

செம்பு பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறோம். நிறுத்திவிடலாமா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். பேச்சு முடிந்த கையோடு ஒரு மாமா தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டியே கேட்டார்.

நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள், வெறும் தண்ணீர், ஒரு ராத்திரி வைத்துக் குடிப்பது: பயப்பட ஒன்றுமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதில் எலுமிச்சை பிழியாதீர்கள், மோர் ஊற்றாதீர்கள். கறுத்துப்போன செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளபளக்கிறது? புளியின் அமிலம் மேலே படிந்த செம்பு ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே காரியம் பாட்டிலுக்குள் நடந்தால் கரைந்தது உங்கள் வயிற்றுக்குப் போகும். வாந்தி வரும்.

நம் ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பக்கம் ஈயம் பூசாமல் சமைக்க மாட்டார்கள். தெருவில் துருத்தியோடு வந்து உட்கார்ந்து, பாத்திரத்தைச் சூடுபண்ணி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் வழித்துவிடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு நொடியில் மஞ்சள் பாத்திரம் உள்ளே வெள்ளையாகிவிடும். அந்தப் பூச்சு தேய்ந்த பாத்திரத்தில்தான் ஆபத்து. இப்போது பழைய பித்தளையை அலங்காரத்துக்கு வாங்கி, அதிலேயே சாம்பார் வைக்கிறவர்கள் உள்ளே ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

குழந்தைக்குப் பால், கஞ்சி எதுவும் செம்பு, பித்தளையில் வேண்டாம். வீட்டில் யாருக்காவது வில்சன் நோய் இருந்தால் அவர்களுக்குச் செம்புப் பாத்திரம் எந்த உருவத்திலும் வேண்டாம்.

கீழாநெல்லி காமாலையைக் குணமாக்குமா? ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-ல் லான்செட்டில் வெளியிட்டது. கூட எழுதியவர்களில் ஒருவர் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் வாங்கிய பிளம்பெர்க். வைரஸை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிற்று. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் முடிக்கவில்லை. பிற்பாடு பல இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. செடியின் இனம், பறித்த இடம், பொடி செய்த விதம் என்று காரணங்கள் பேசப்பட்டன. மருந்தாக அது நிலைபெறவில்லை.

அப்படியானால் ஊரில் கீழாநெல்லி குடித்தவர்களுக்கெல்லாம் காமாலை போனதே? ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். மோர் குடித்தாலும் போகும். காமாலை என்பது நோயின் பெயரே இல்லை, அடையாளம். எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மாதம் இலையை அரைத்துக் குடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பயம். வில்சன் நோயும் காமாலையாக வரும்.

எங்கள் தாத்தா கரோல் பாகில் இருந்தபோது ஊரே மஞ்சள் காமாலையில் படுத்தது என்று சொல்வார். உண்மையா?

உண்மை. 1955-ன் கடைசியில் யமுனையில் வெள்ளம் வந்து ஓட்டம் மாறியது. நஜஃப்கட் சாக்கடை நீர், வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை. கர்ப்பிணிகளுக்குத்தான் நோய் கடுமையாக இருந்தது. குளோரினைக் கூட்டியிருந்ததால் டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் அந்த அளவுக்கு எழவில்லை. வைரஸ் மட்டும் தப்பி வந்தது.

அப்போது இது வழக்கமான தொற்றுக் காமாலைதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரோ புண்ணியவான்கள் நோயாளிகளின் ரத்தநீரை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1980-ல் அதைச் சோதித்தபோது ஹெபடைடிஸ் ஏ இல்லை என்று தெரிந்தது. 1983-ல் பலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்து, காமாலை வரவழைத்துக்கொண்டு, தன் மலத்தில் புதிய வைரஸைக் கண்டார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ. மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் எதற்கு இத்தனை பழைய குப்பி என்று என் மாணவர்கள் முணுமுணுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் போரடிக்கும். திரவத்தை ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றுவது, செல்லுக்குத் தீனி மாற்றுவது, ரசாயனக் கம்பெனிக்காரரிடம் டெலிவரி எப்போது என்று கெஞ்சுவது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நகத்தின் அளவுள்ள கண்ணாடிச் சில்லில் கல்லீரல் செல்களை வளர்ப்போம். சிலதற்குக் கொஞ்சம் செம்பு உப்பு, சிலதற்குச் செம்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் மருந்து. சில மணி நேரம் கழித்து ஃபார்மால்டிஹைடில் அப்படியே உறைய வைத்து, ஏடிபி7பியில் மட்டும் ஒட்டிப் பச்சையாக ஒளிரும்படி ஆன்டிபாடியை ஏற்றி, கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துப் போவோம். அறை இருட்டு. தில்லி மே மாதத்தில் அந்தக் கட்டடத்திலேயே உருப்படியாக ஏசி ஓடும் ஒரே அறை அதுதான் என்பதால் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கும்!

செம்பு இல்லாத சில்லில் ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்குப் பக்கத்தில், பிறை மாதிரி ஒரே ஒரு பச்சைத் திட்டு. அடுத்த சில்லை வைத்தால் திட்டைக் காணோம். கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி பச்சைப் புள்ளிகள், அதில் பாதி இரண்டு செல்களுக்கு நடுவில் இருக்கும் பித்தநீர் ஓடும் சந்துப் பக்கமாகக் குவிந்திருக்கும். இதை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். இன்றைக்கும் இரண்டாவது சில்லை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிழையுள்ள புரதத்தைப் போட்டால் செம்பைக் கொட்டினாலும் அது அசையாது. செல் முழுக்கப் புகை மாதிரி வலையில் பரவி அப்படியே கிடக்கும்.

தோல்வி வந்ததுண்டா? பிள்ளைகளுக்குத் தெரியட்டும், சொல்லுங்கள்.

பெரியதாக ஒன்று. என் சொந்த ஆய்வகம் தொடங்கிய புதிதில், பணம் குறைவு. நட்பாக ஓர் ஆய்வகத்தில் "சாதாரண கல்லீரல் செல்" என்று டபிள்யூஆர்எல்-68 கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கி வந்தோம். என் முதல் மாணவி ஒன்றரை வருடம் அதில் வேலை செய்தாள். ஒரு நாள் வந்து, "மேடம், இது அல்புமினே செய்ய மாட்டேங்குது," என்றாள். அல்புமின் செய்யாத கல்லீரல் செல் என்றால் மாவு அரைக்காத கிரைண்டர். ஏதோ ஆன்டிபாடி பழசாகியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆறு மாதம் கழித்து டிஎன்ஏ அடையாளச் சோதனைக்கு அனுப்பினோம். வந்த முடிவு: ஹீலா. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல். எந்தத் தட்டில் ஒரு துளி விழுந்தாலும் அங்கே இருப்பதைத் தின்று தானே நிறைந்துவிடும் ஜாதி. 'சாங் லிவர்' என்று ஊரெல்லாம் ஓடிய செல்லும் கடைசியில் ஹீலாதான். டபிள்யூஆர்எல்-68 பற்றியும் நாங்கள் வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள், நான் படிக்கவில்லை. கொடுத்தவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களும் இன்னொருவரிடம் வாங்கியது. மாணவி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து எல்லாக் குடுவையையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, ஹெப்ஜி2 வாங்கலாமா என்று கேட்டாள். அதுவும் சுத்தமான கல்லீரல் இல்லை, ஒரு பதினைந்து வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது. ஆனால் குறைந்தபட்சம் கல்லீரல்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? சம்பளம் வருமா?

பி.எஸ்சி., எம்.எஸ்சி. உயிரியல் எதுவானாலும் சரி, பி.டெக்., எம்.பி.பி.எஸ். முடித்தும் வருகிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் ஐசர் நிறுவனங்களில் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் சேரலாம். பிஎச்.டி.க்குள் நுழைய சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குவது பொது வழி. மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசிஎம்ஆர், உயிரித்தொழில்நுட்பத் துறையான டிபிடி இரண்டும் தரும் உதவித்தொகையும் உண்டு. மும்பை டிஐஎஃப்ஆர், பெங்களூரு என்சிபிஎஸ் இரண்டுக்கும் வேறு தேர்வு. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் 42,000, வாடகைப் படி தனி. மாதாமாதம் முதல் தேதியில் வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாலு மாதம் சேர்த்து வந்த காலமும் உண்டு. முனிர்க்கா மெஸ்ஸில் கணக்கு வைத்துச் சாப்பிட்டவள் நான்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்காகப் பயப்படுகிறார்கள். முதல் வருடம் கஷ்டம்தான். இங்கே ஆங்கிலத்தோடு இந்தியும் வேண்டும், ஆனால் அது சமாதானப்படுத்த வேண்டிய ஆய்வக உதவியாளர்களிடமும் ஆட்டோக்காரரிடமும் தானாக வந்துவிடும்.

பெண் பிள்ளைக்கு இத்தனை வருஷப் படிப்பு சரிப்படுமா? எப்போது முடியும், எப்போது கல்யாணம்?

பிஎச்.டி. ஐந்தாறு வருடம். எனக்கு ஆறு. கல்யாணம் நான்காவது வருடத்தில் நடந்தது, உலகம் நின்றுவிடவில்லை. அடுத்த கேள்வி.

அக்கா மகளைக் கட்டுவது, அத்தை பையனைக் கட்டுவது, இதற்கும் ஈரலுக்கும் சம்பந்தம் உண்டா?

வில்சன் நோய்க்கு உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதி வந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு கூடுகிறது. யாரையும் குற்றவாளி ஆக்க இதைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறை அப்படித்தான்.

முக்கியமானது வேறு. ஒரு பிள்ளைக்கு வில்சன் என்று தெரிந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நோய்க்குறி இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் டாக்டரிடம் அந்தப் பழுப்பு வளையத்தைப் பார்க்க ஸ்லிட் லாம்ப் சோதனை, வேண்டுமென்றால் மரபணுச் சோதனை. சீக்கிரம் பிடித்துவிட்டால் மருந்தோடு முழு வாழ்க்கை வாழலாம். செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைனை 1956-ல் ஜான் வால்ஷே கொண்டுவந்தார், நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தவர். துத்தநாக உப்பும் இருக்கிறது, அது குடலிலேயே செம்பைத் தடுக்கும். ஆனால் நன்றாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது, ஆயுள் முழுக்க.

குடிக்கிற பழக்கமே இல்லை, சைவம், ஆனாலும் ஃபேட்டி லிவர் என்கிறார்களே?

சோறு, இனிப்பு, உட்கார்ந்த வேலை, தொப்பை, சர்க்கரை. இதற்குச் சாராயம் தேவையில்லை. வைத்தியம் டாக்டரிடம் கேளுங்கள்.

செல் உயிரியல்காரியாக ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மும்பை டிஐஎஃப்ஆரில் இருந்தபோது ரூப் மல்லிக்கின் குழு ஓர் அழகான விஷயம் காட்டியது. கல்லீரல் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் சும்மா மிதப்பதில்லை, கைனசின் என்ற மோட்டார் புரதம் அவற்றைத் தண்டவாளத்தில் இழுத்துப் போகிறது. சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறும், மோட்டார் துளியில் ஒட்டும். பட்டினி கிடந்தால் கழன்றுவிடும், அதனால் ரத்தத்துக்குப் போகும் கொழுப்பு மட்டுப்படும். அவர் இப்போது ஐஐடி மும்பையில். இதுவும் விலாசக் கதைதான் பாருங்கள். கொழுப்பு எவ்வளவு என்பதோடு, அது செல்லில் எங்கே நிற்கிறது என்றும் கேட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் மருந்து ஏதாவது கண்டுபிடித்தீர்களா?

இல்லை. பிடித்து வைக்கப்பட்ட புரதத்தை வலையிலிருந்து நழுவ வைக்கும் சில சின்ன மூலக்கூறுகளை வைத்து முயன்றுகொண்டிருக்கிறோம். தட்டில் சில பிழைகளுக்குப் பச்சைத் திட்டு நகர்கிறது, சிலதற்கு நகரவே இல்லை. தட்டிலிருந்து மனிதருக்கு வெகு தூரம்.

அந்தக் கட்டுரையில் படித்ததை உங்கள் பாட்டியிடம் சொன்னீர்களா?

இதை எழுதிக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். பேச்சில் நான் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விட்டேன், அவள் விடவில்லை.

அந்த இரண்டு குழந்தைகளுக்கும் வந்தது இந்த நோய்தான் என்று நிரூபிக்க வழி கிடையாது. திசுச் சோதனை இல்லை, சீட்டு இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. 1940-களின் தொடக்கம், அவ்வளவுதான் தெரியும்.

சொன்னேன். 2004-ல், பிஎச்.டி. முடித்து ஊருக்குப் போனபோது. அடுப்படியில் பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பித்தளை, பால், செம்பு, ஈரல் என்று வகுப்பெடுப்பது மாதிரி ஆரம்பித்து, பாதியிலேயே ஏன் ஆரம்பித்தோம் என்று ஆகிவிட்டது. நிறுத்தவும் தெரியவில்லை. பாட்டியின் கை நிற்கவில்லை. "எல்லார் வீட்லயும் அந்தப் பாத்திரம்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தண்டைக் கிள்ளுகிற சத்தம் மட்டும். அப்புறம், என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"மலாயாவை ஜப்பான்காரன் புடிச்சுட்டான்னு ஈயமே வரலைன்னாங்க. பூசறவன் ரெண்டு வருஷம் எங்க தெருப் பக்கமே வரலைடி."